கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலுக்கு முன் வெப்பமானி

வன்னியில் காய்ச்சலுக்குப் பயப்படுகிறவர்கள் குறைவு. மலேரியாவோடு வளர்ந்த தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் குலைப்பன் எடுக்க, சாக்கைப் போர்த்துக் கிடந்துவிட்டு, விட்டதும் எழும்பி வயலுக்குப் போனவர்கள் அவர்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மலேரியா போய்விட்டது, அது பழக்கிவிட்ட பொறுமை போகவில்லை. இன்றும் மாரிக்குள் ஒருவருக்கு உடம்பு காய்ந்தால் வீட்டில் வரும் முதற் சொல், 'மூண்டு நாள் பாப்பம்.' மல்லித்தண்ணி, இரண்டு பனடோல், ஒரு போர்வை.

புற்றுநோய்க்குக் கீமோ என்ற மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த மூன்று நாள் கிடையாது. சில வேளை மூன்று மணித்தியாலம்கூடக் கிடையாது.

என் சின்னம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். ஆறு தடவை கீமோவுக்கும் நான்தான் கூடப் போனேன். நான் வைத்தியர் இல்லை. வாங்கில் காத்திருந்த நேரங்களில் வைத்தியர்களையும் தாதிமாரையும் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். அந்த வாங்கில் 'வெள்ளை அணு குறைஞ்சு போச்சாம்' என்று ஒரு அம்மா சொன்னபோது, பக்கத்தில் இருந்த மூன்று பேர் மூன்று விளக்கம் கொடுத்தார்கள். புற்றுநோய் இரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார் ஒருவர். பீற்றூட்டும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொன்னார் இன்னொருவர். இரத்தம் ஏற்றினால் சரி என்றார் மூன்றாமவர். மூன்றும் அன்பினால் சொன்னவை. மூன்றும் பிழை.

வயற்காவலும் வெள்ளை அணுவும்

கதிர் முற்றும் காலத்தில் வயலுக்குக் காவல் போவதை வன்னிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. பரணில் ஒருவர், வரம்போரம் தீ மூட்டி ஒருவர். பன்றி புகுந்தாலும் யானை வந்தாலும் முதலில் கேட்பது சத்தம்: கூப்பாடு, தகரம் தட்டுவது, வெடி கொளுத்துவது. வீட்டில் படுத்திருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்தால்தான் வயலில் ஏதோ நடக்கிறது என்று தெரியவரும்.

எங்கள் இரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் இருக்கின்றன. சிவப்பணு ஒட்சிசனைச் சுமக்கிறது. குருதிச் சிறுதட்டு காயத்தில் இரத்தத்தை உறைய வைக்கிறது. வெள்ளை அணு காவல் காக்கிறது. வெள்ளை அணுவிலும் பல வகை உண்டு. இந்தக் கட்டுரைக்கு ஒன்று போதும்: நியூட்ரோபில். பக்டீரியா என்ற கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் அதை விழுங்கிக் கொல்லும் வெள்ளை அணு அது. காலில் முள் குத்திச் சீழ் கட்டுகிறதே, அந்தச் சீழின் பெரும்பகுதி சண்டையில் செத்த நியூட்ரோபில்கள்தான். புண் சிவப்பதும் வீங்குவதும் வலிப்பதும் அந்தச் சண்டையின் சத்தம். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கீமோ ஏன் காவலைக் குறைக்கிறது

இந்த அணுக்கள் எல்லாம் எலும்பின் உள்ளே இருக்கும் மென்மையான மச்சையில் பிறக்கின்றன. அதை எலும்பு மச்சை என்பார்கள். நியூட்ரோபிலின் ஆயுள் மிகக் குறுகியது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். நியூட்ரோபில் இரத்தத்தில் ஒரு நாள் அளவே சுற்றும். அதனால் மச்சை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். உடம்பில் இவ்வளவு வேகமாகப் பெருகும் இடங்கள் மிகச் சில.

கீமோ மருந்து பிடிப்பதும் அந்த வேகத்தைத்தான். புல்லுக்கு மருந்து அடிக்கும்போது நெற்பயிரும் சற்று வெளிறி நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீமோவும் அப்படி. வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குவது அதன் வேலை. புற்றுநோய்க் கலம் வேகமாகப் பிரிகிறது. மயிர்வேரும் வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் எலும்பு மச்சையும் அப்படியே. அதனால்தான் தலைமயிர் கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளை அணு விழுகிறது. புற்றுநோய் பரவியதற்கு அது அடையாளம் இல்லை. மருந்து மச்சையையும் தொட்டிருக்கிறது என்பதற்கே அடையாளம்.

பெண்களின் புற்றுநோயில் இன்னொரு காரணமும் சேரும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சும், கூடவே கிழமைக்கு ஒரு தடவை சிஸ்பிளாட்டின் மருந்தும் கொடுப்பது வழக்கம். வளர்ந்த ஒருவரின் இயங்கும் மச்சையில் பெரும்பங்கு இடுப்பெலும்பிலும் அதையொட்டிய முதுகெலும்பிலும்தான் இருக்கிறது. அந்த இடத்திலேயே கதிர் படும்போது உற்பத்தி இன்னும் குறையும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நியூட்ரோபில் காவற்காரன், அவன் ஆயுள் ஒரு நாள், அவனைச் செய்யும் மச்சை கீமோவால் கொஞ்ச நாள் தளர்ந்துபோகிறது. நியூட்ரோபில் குறைந்த அந்த நிலைக்கு நியூட்ரோபீனியா என்று பெயர்.

பள்ளம் விழும் நாட்கள்

பலர் பிழையாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தில். கீமோ ஏற்றிய அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் வயிறு குமட்டிப் படுத்திருப்பார்கள். வீடே அப்போது விழுந்து விழுந்து கவனிக்கும். ஒரு கிழமை போனால் பசி திரும்பும், முகம் தெளியும். 'இனிப் பயமில்லை' என்று எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். நியூட்ரோபில் மிகக் கீழே விழுவது பெரும்பாலும் அப்போதுதான், ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். மருந்தைப் பொறுத்து இது முந்தும், பிந்தும். கார்போபிளாட்டின் போன்ற மருந்தில் இன்னும் பிந்தலாம்.

உடனே விழாமல் பிந்தி விழுவதற்குக் காரணம் எளிது. விதைப்பு அழிந்தாலும் வீட்டில் இருக்கும் நெல்மூட்டை முடியும்வரை சோறு வேகும். மச்சையில் முன்னமே முற்றி இருப்பில் நின்ற அணுக்கள் சில நாளைக்கு வந்துகொண்டிருக்கும். அவை முடிந்த பிறகுதான் பஞ்சம் தெரியும். மூன்றாம் கிழமையளவில் மச்சை மீண்டும் எழும்பிவிடும். கீமோவுக்கு இடையில் பெரும்பாலும் 21 நாள் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீமோ ஏற்றிய நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு, அதற்குப் பின் ஏழாம் நாளிலிருந்து ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

றிப்போட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது

இரத்தப் பரிசோதனை றிப்போட்டில் முதலில் மொத்த வெள்ளை அணு இருக்கும். சுகமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை. பலர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுகிறார்கள். அதற்குக் கீழே நியூட்ரோபில் நூற்றுக்கு எத்தனை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி முக்கியம்.

இரண்டு பேருக்கும் மொத்தம் 2,400 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நியூட்ரோபில் 60 வீதம்: 1,440. மற்றவருக்கு 15 வீதம்: 360. மொத்தம் ஒன்று, நிலைமை வேறு. 1,500க்குக் கீழே போனால் குறைவு. 500க்குக் கீழே போனால் காவல் அநேகமாக இல்லை. முதலாமவரின் அடுத்த கீமோவை வைத்தியர் ஒரு கிழமை தள்ளிப்போடக்கூடும். இரண்டாமவர் காய்ச்சலுக்கு விழிப்பாக இருக்க வேண்டியவர். சில ஆய்வுகூடங்கள் 2,400 என்பதை 2.4 என்று அச்சடிக்கும். பயந்துவிடாதீர்கள், ஆயிரத்தால் பெருக்கினால் சரி.

எண் குறைவது தன்னளவில் வருத்தம் இல்லை. வலிக்காது, சுடாது, மற்றவருக்குத் தொற்றாது. காய்ச்சல் இல்லாமல் எண் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் காத்திருப்பதே வைத்தியம். எண்ணும் குறைந்து காய்ச்சலும் வந்தால் அது அவசர நிலை.

காய்ச்சல் மட்டும் ஏன் வருகிறது

வயற்காவலுக்குத் திரும்பி வருவோம். காவற்காரர் எல்லோரும் வருத்தமாய்ப் படுத்துவிட்ட ஒரு இரவு யானை வந்தால் கூப்பாடு கேட்காது, வெடி கேட்காது. விடியப் போய்ப் பார்த்தால் வயல் இராது. நியூட்ரோபில் இல்லாத உடம்பிலும் அதுதான் நடக்கிறது. கிருமி புகுந்த இடத்தில் சீழ் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பும் மட்டுமட்டு. நெஞ்சில் கிருமி இருந்தாலும் சளி கட்டாமல் விடலாம். சலத்தில் கிருமி இருந்தாலும் சலம் தெளிவாய்த் தெரியலாம்.

அப்படியானால் காய்ச்சல் மட்டும் எப்படி வருகிறது? தசையிலும் ஈரலிலும் நிரந்தரமாய்க் குடியிருக்கும் வேறு சில காவற் கலங்கள் கீமோவுக்குப் பிறகும் ஓரளவு மிஞ்சி நிற்கும். கிருமியைக் கண்டதும் அவை இரத்தத்தில் சில இரசாயனங்களை விடுகின்றன. அவை மூளைக்குப் போய், உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியை மாற்றி வைக்கின்றன. 37 போதும் என்றிருந்த மூளை 39 வேண்டும் என்கிறது. உடனே உடம்புக்குத் தான் குளிர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. நடுங்கி நடுங்கிச் சூடேற்றுகிறது. குளிர்நடுக்கம் காய்ச்சலுக்கு முன்னால் வருவது இதனால்தான்.

ஆகவே, இவர்களுக்கு வீட்டுக்குக் கேட்கும் ஒரே சத்தம் அந்தக் காய்ச்சல். பனடோல் அந்தச் சத்தத்தை அடக்கும், கிருமியைத் தொடாது. ஐபுபுரோபன், டைக்ளோபினாக் போன்ற வலிக்குளிசைகள் அதைவிடக் கெடுதல். கீமோவால் சிறுதட்டும் குறைந்திருக்கும், சிறுநீரகமும் தளர்ந்திருக்கும்; இரண்டையும் அவை இன்னும் வருத்தும். சில கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் ஸ்டீரொயிட் குளிசையும் காய்ச்சலை மறைக்கக்கூடும். வயது போனவர்களுக்குச் சில வேளை காய்ச்சலே வராமல், திடீரென்று சோர்ந்து, பேச்சுத் தடுமாறி, கைகால் குளிர்ந்துபோகும். அதையும் காய்ச்சல் போலவே எடுக்க வேண்டும்.

கிருமி எங்கிருந்து வருகிறது

காய்ச்சல் வந்ததும் வீட்டில் ஒரு விசாரணை தொடங்கும். ஆர் வந்தது, ஆர் தொட்டது, ஆர் சளியோடு வந்து கட்டிலில் இருந்தது. இது பலரைத் தேவையில்லாமல் நோகடிக்கிறது. பெரும்பாலும் கிருமி நோயாளியின் சொந்தக் குடலிலும் வாயிலும் தோலிலும் காலங்காலமாய் இருந்ததுதான். கீமோ குடலின் உட்தோலை மெல்லியதாக்கிவிட, அந்த வழியாக இரத்தத்துக்குள் கசிகிறது.

கை கழுவுவதும், நன்றாய் வெந்ததைச் சூடாகச் சாப்பிடுவதும், கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், சளிக்காரர் கொஞ்சம் தள்ளி இருப்பதும் நல்லது. வெறுங்காலோடு வயற்சேற்றிலும் குளத்துக்கரையிலும் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் போன்றவற்றின் கிருமிகள் அந்த ஈரத்தில் உண்டு. அதற்காகத் தட்டும் கோப்பையும் பிரித்து, அறைக்குள் ஒதுக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு நோய்.

சொல்லக் கூசும் இடங்கள்

இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். கருப்பை, கருப்பைக் கழுத்து, சூலகம் இவற்றின் புற்றுநோயில் கிருமி பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத இடங்கள். கட்டி இருந்த இடமோ கதிர்வீச்சுப் பட்ட இடமோ புண்ணாகி நாற்றத்தோடு வெள்ளை படலாம். சலம் போகும் குழாய் கட்டியால் நெரிபட்டு, சலம் தேங்கிக் கிருமி பிடிக்கலாம். சலத்துக்கு ரியூப் போட்டிருந்தால் அது ஒரு வாசல். வயிற்றுச் சத்திரசிகிச்சைத் தையல் இன்னொரு வாசல். மலவாயிலில் ஒரு சின்ன வெடிப்புக்கூடப் போதும்.

சின்னம்மா தனக்கு மூன்று நாளாய்ச் சலம் எரிந்ததை வாட்டில் ஒரு பெண் வைத்தியர் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கேட்டபோதுதான் சொன்னார். கூட இருந்த எனக்கும் சொல்லவில்லை. 'ஓட்டோக்காரப் பெடியனுக்கு முன்னால எப்பிடிப் பிள்ளை சொல்லுறது' என்றார். கணவனில்லாமல் பிள்ளைகளோடு தனித்து வாழும் பெண்கள் எங்கள் பகுதியில் ஏராளம். கூடப் போக மகன் மட்டும்தான் என்றால் பலர் வாயைத் திறப்பதே இல்லை. அம்மாவைக் கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: நீங்கள் கேட்க வேண்டாம். 'ஒரு பெண் தாதி அம்மாவோடு தனியாகக் கதைக்க ஏலுமா' என்று மட்டும் கேளுங்கள், வெளியில் வந்து நில்லுங்கள். கிருமி எங்கே என்று வைத்தியர் தேடும் நேரத்தில் பாதி அதிலேயே மிச்சம்.

38 என்ற எண்

உள்ளங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போதாது. ஃபாமசியில் விற்கும் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி வையுங்கள். நாக்கின் கீழ் 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 பாகை பரனைட், அல்லது அதற்கு மேல் காட்டினால் வெளிக்கிட வேண்டும். புத்தக வரைவிலக்கணம் ஒரே தடவை 38.3, அல்லது ஒரு மணித்தியாலம் நீடித்த 38 என்கிறது. தூரத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தைப் பாதையிலேயே கழிப்பது நல்லது. தேத்தண்ணி குடித்திருந்தால் கால் மணித்தியாலம் விட்டு அளவுங்கள். அக்குளில் வைத்தால் அரைப் பாகையளவு குறைத்துக் காட்டும். மலவாயில் வழியாக ஒருபோதும் வேண்டாம். மெல்லிய தோல் கிழிந்தால் அதுவே வாசலாகும். நடுக்கம் எடுத்தால் எண் என்ன சொன்னாலும் போங்கள்.

மாரியில் 'டெங்குவா இருக்கும்' என்ற பேச்சு வரும். இருக்கலாம், டெங்குவும் வெள்ளை அணுவையும் சிறுதட்டையும் குறைக்கும். எது என்று பிரித்தறிவது வைத்தியசாலையின் வேலை. கீமோ எடுப்பவருக்கு இரண்டில் எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கும் காய்ச்சல் இல்லை.

எங்கே போவது, என்ன சொல்வது

முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கொழும்புக்குக் கிட்ட இருக்கும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலை இன்னும் தூரம். 'எங்கட கிளினிக் அங்கதானே' என்று அந்தத் தூரத்தைக் காய்ச்சலோடு ஓடக் கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே போக வேண்டும். கிருமியைக் கொல்லும் முதல் ஊசியை அங்கேயே போடலாம். கிளினிக்கோடு அவர்கள் கதைப்பார்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை.

இங்கே எங்கள் பிழை ஒன்றைச் சொல்கிறேன். சின்னம்மாவின் இரண்டாவது கீமோ முடிந்து பன்னிரண்டாம் நாள். பின்னேரம் விறாந்தையில் இருந்து அரிசி கொழித்துக்கொண்டிருந்தவர் சுளகை வைத்துவிட்டு, 'உடம்பு ஒரு மாதிரிக் கிடக்கு' என்று சீலைத் தலைப்பால் போர்த்துக்கொண்டார். 38.4. ஊசி ஏற்றிய கையில் ஒரு சதக் காசளவு இளஞ்சிவப்பு, வேறொன்றும் இல்லை. கொண்டுபோன இடத்தில் நான் 'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னேன். வரிசையில் இருக்கச் சொன்னார்கள், இருந்தோம். முக்கால் மணித்தியாலம் போன பிறகு, அவருடைய தலைத்துணி நழுவி மொட்டந்தலையைக் கண்ட ஒரு தாதிதான், 'கீமோவா? ஏன் சொல்லேல்லை?' என்று கேட்டுத் தள்ளுவண்டியைக் கொண்டு ஓடி வந்தார்.

வாசலில் சொல்ல வேண்டிய வசனம் இது: 'இவ கீமோ எடுக்கிறவ, கடைசியாய் இத்தனையாம் திகதி ஏத்தினது, இப்ப காய்ச்சல் 38க்கு மேல.' கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக் காட்டினாலும் சரி. இதைச் சொல்லி வரிசையைத் தாண்டிப் போவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கும்

இரத்தம் எடுத்து எண்ணிக்கை பார்ப்பார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க இன்னும் கொஞ்ச இரத்தம் போத்தல்களில் எடுப்பார்கள். அந்த முடிவு வர இரண்டு மூன்று நாள் செல்லலாம். அதுவரை காத்திராமல் பலவகைக் கிருமிகளைக் கொல்லும் அன்டிபயோட்டிக் ஒன்றை நாளத்தில் ஏற்றத் தொடங்குவார்கள். வந்து சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அது ஏற வேண்டும் என்பதே மருத்துவ இலக்கு. பிந்தினால் கிருமி இரத்தமெங்கும் பரவி, இரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகமும் நெஞ்சும் தளர்ந்துபோகும். அதற்குச் செப்சிஸ் என்று பெயர். நேரத்துக்கு ஊசி ஏறியவர்களில் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். ஆபத்துக் குறைந்த சிலருக்குக் குளிசையோடு வீட்டுக்கு விடுவதும் உண்டு; அந்தத் தீர்மானம் வைத்தியருடையது.

இரத்தம் ஏற்றுவது சிவப்பணுவைக் கூட்டும், நியூட்ரோபிலைக் கூட்டாது. பேரீச்சம்பழமும் பீற்றூட்டும் நல்ல சாப்பாடு, அவ்வளவே. பப்பாசி இலைச் சாறு கொடுக்க நினைத்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். பச்சையாய்ப் பிழிந்த சாற்றோடு கிருமியும் போகும். மச்சையைத் தூண்டி நியூட்ரோபிலை உண்டாக்கும் மருந்து ஒன்று உண்டு, பில்கிராஸ்டிம் என்ற தோலடி ஊசி. தேவைப்பட்டால் அடுத்த கீமோவுக்கு மறுநாளிலிருந்து போடுவார்கள். போட்டால் இடுப்பும் முதுகும் குடையும். மச்சை பெருகும் வலி அது. இந்த வலிக்குப் பனடோல் போடலாமா என்று கேட்டு, காய்ச்சல் இல்லை என்று அளந்து பார்த்த பிறகே போட வேண்டும். சில வேளை அடுத்த கீமோ ஒரு கிழமை பிந்தும், மருந்தின் அளவும் கொஞ்சம் குறையும். வைத்தியம் தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் எடுக்காதீர்கள்.

சின்னம்மா ஒன்பது நாள் வாட்டில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் வெப்பமானியைச் சாமித்தட்டில் திருநீற்றுத் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். காலையும் பின்னேரமும் தானே அளந்து கலண்டரில் குறித்தார். நாலாவது கீமோவுக்குப் பிறகு ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. குரலில் நடுக்கம் இருந்தது, பதற்றம் இல்லை.

'பிள்ளை, முப்பத்தெட்டு தசம் ஒண்டு. 1990க்குச் சொல்லிட்டன். சீலையும் மாத்திட்டன். கொப்பி கையில கிடக்கு. நீ மெதுவா வா.'